பென் டிரைவில் ஒரு மணி நேரம் லினக்ஸ் ஓட்டிப் பார்த்தால் போதுமா?

கேள்வி, 18.10.2025

விண்டோஸ் 10-க்கு இந்த மாதம் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. என்னுடையது ஐ3 ஆறாம் தலைமுறை லேப்டாப், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்று அதுவே சொல்கிறது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட்டை பென் டிரைவில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். வைஃபை வந்தது, பாட்டு கேட்டது, யூடியூப் ஓடியது, தமிழ் எழுத்தும் சரியாகத் தெரிந்தது. இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது? தீபாவளி லீவில் விண்டோஸை அழித்துவிட்டு மின்ட் போடப் போகிறேன். சரிதானே?

18.10.2025, இரவு 9.50

அழிக்காதீர்கள். இந்த லீவில் வேண்டாம்.

மெஷின் லினக்ஸுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டீர்கள், நல்லது. உங்கள் வேலை ஒத்துவருகிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. அதற்கு ஒரு மணி நேரம் பத்தாது.

என் லேப்டாப்பும் ஏறக்குறைய இதேதான். ஐ3-6006யு, 4 ஜிபி, 2018-இல் வாங்கியது. ஆகஸ்டில் நானும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் வருகிறதே என்று அன்றைக்கே முழு டிஸ்க்கையும் அழித்து மின்ட் போட்டேன். திண்டிவனத்தில் நாங்கள் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலையில் ஒரு பெரியவர் பட்டா மாறுதல் மனு வேண்டும் என்று வந்து நின்றார். மனு மாதிரிகளைப் பத்திரமாக பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். ஃபைலைத் திறந்தால் 'அனுப்புநர்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு வரி. கீழே முழுப் பக்கமும் அப்படியே. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரர் அதையே கடை டெஸ்க்டாப்பில் திறந்தார். அழகாகத் தமிழில் தெரிந்தது.

ஏழு வருடமாக நான் டைப் செய்த அத்தனையும் பாமினி ஃபாண்டில். அது எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறை இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்து வடிவத்தை உட்கார வைத்த ஃபாண்ட். அதில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலுக்குள் சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஃபாண்ட் இருந்தால் கண்ணுக்கு அம்மா. இல்லையென்றால் அந்த ஐந்து குறிகள்தான். விண்டோஸை அழித்தபோது ஃபாண்ட்டும் சேர்ந்து போய்விட்டது.

இதை அந்த ஒரு மணி நேரத்தில் நான் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? என் சொந்த ஃபைல் ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் போதும். திறக்கவில்லை. யூடியூப்தான் பார்த்தேன்.

18.10.2025, இரவு 10.20

சொல்ல விட்டுப்போனது. ஃபாண்ட் ஃபைலை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்து லேப்டாப்பின் ஃபாண்ட் ஃபோல்டரில் போட்டதும் பழைய ஃபைல்கள் எல்லாம் சரியாகத் தெரிந்தன. படிப்பதற்கும் பிரிண்ட் எடுப்பதற்கும் அது போதும். அதிலேயே திருத்தித் தொடர்ந்து அடிப்பது வேறு கதை. அதற்கு நான் வைத்திருந்தது என்எச்எம் ரைட்டர், அது விண்டோஸ் மென்பொருள். கீபோர்டு பற்றித் தனியாக எழுதுகிறேன்.

19.10.2025, காலை 7.15

பென் டிரைவில் ஆமை மாதிரி நகர்கிறது, லினக்ஸ் இவ்வளவுதானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நீங்கள் இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலுக்குள் முழு சிஸ்டமும் ஒரே மூட்டையாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எதைத் திறந்தாலும் பென் டிரைவிலிருந்து அந்தத் துண்டைப் படித்து, விரித்து, ராமில் வைத்துத்தான் ஓட்டும். நீங்கள் மாற்றுவது, சேமிப்பது, புதிதாக இன்ஸ்டால் செய்வது எல்லாமும் ராமில்தான் எழுதப்படும். உங்களிடம் இருப்பது 4 ஜிபி. அதில் இதற்கும் ஒரு பங்கு போகிறது. என்னிடம் இருந்த பழைய யூஎஸ்பி 2.0 பென் டிரைவில் வேர்ட் மாதிரியான லிபர்ஆபிஸ் ரைட்டர் முதல் முறை திறக்க முக்கால் நிமிடம் ஆனது. டிஸ்க்கில் போட்ட பிறகு அப்படி இல்லை.

நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சோதனையில் டைப் செய்ததை வேறொரு பென் டிரைவில் சேமித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஒரு வாரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) ஒன்றில் முழுதாக இன்ஸ்டால் செய்து அதிலிருந்தே பூட் செய்யுங்கள், அதாவது கணினியைத் தொடங்குங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸ் பாட்டுக்கு இருக்கும்.

(திருத்தம்: இந்தக் கடைசிப் பத்தியைச் செய்து பார்க்கும் முன் 26-ஆம் தேதி எழுதியதைப் படியுங்கள்.)

19.10.2025, பகல் 2.30

ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடியதையாவது முழுதாகச் செய்துவிடுங்கள். லேப்டாப்பை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள், திரை வருகிறதா, வைஃபை திரும்ப ஒட்டிக்கொள்கிறதா பாருங்கள். ஹெட்போன் செருகினால் சத்தம் அதில் மாறுகிறதா, கேமராவும் மைக்கும் வேலை செய்கிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் கேட்கிறதா, டிவியில் எச்டிஎம்ஐ ஒயர் போட்டால் படம் வருகிறதா. விரல்ரேகை வைத்துத் திறக்கும் வசதி உங்கள் லேப்டாப்பில் இருந்தால் அதை நம்பாதீர்கள், பல மாடல்களில் அதற்கு டிரைவரே கிடையாது.

வைஃபை வரவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். போனை யூஎஸ்பி ஒயரில் இணைத்து, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். நான் பார்த்த எல்லா மெஷினிலும் லினக்ஸ் அதை உடனே பிடித்துக்கொண்டது. அந்த நெட்டை வைத்து டிரைவர் மேனேஜரில் வைஃபைக்கு டிரைவர் இருக்கிறதா என்று தேடலாம்.

21.10.2025, காலை 11.05

தீபாவளிக்கு மறுநாளும் கடை திறந்திருக்கிறோம். இன்று காலை நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று இரவு டெஸ்க்டாப்பிலும் மின்ட் எப்படி வருகிறது என்று பென் டிரைவில் ஓட்டிப் பார்த்தோம். எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை. காலையில் விண்டோஸில் வழக்கம்போல் கடை ஆரம்பித்தது. முதல் பில்லை வாங்கிப் பார்த்த வாடிக்கையாளர், "என்னம்மா, விடியற்காலை நாலரைக்கே கடை திறந்துட்டீங்களா?" என்று சிரித்தார். பில்லில் 4.32 என்று அடித்திருந்தது. உண்மையான நேரம் 10.02.

சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். மதர்போர்டில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. விண்டோஸ் அதில் இருப்பதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். நெட் கிடைத்ததும் லினக்ஸ் நேரத்தைச் சரிபார்த்து, பொது நேரத்தை அந்தக் கடிகாரத்தில் எழுதிவிடுகிறது. நமக்கும் பொது நேரத்துக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். விண்டோஸ் செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய் 'இப்போதே ஒத்திசை' என்பதை அழுத்தியதும் சரியாகிவிட்டது. வீட்டு லேப்டாப் என்றால் இது பெரிய விஷயமே இல்லை. பில் அடிக்கிற கடை என்றால் மறுநாள் காலையில் முதல் வேலையாக நேரத்தைப் பாருங்கள்.

21.10.2025, மாலை 6.40

இதோடு சேர்ந்த இன்னொன்று. லினக்ஸில் இருந்து விண்டோஸின் டி டிரைவைத் திறக்க முடிகிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் கெட்டுவிடவில்லை. விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் இருக்கும் டிஸ்க்கில் எழுதக் கூடாது என்று லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மெஷின் செட்டிங்ஸில்) கை வையுங்கள். செக்யூர் பூட்டை (அங்கீகரித்த சிஸ்டத்தை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பை) நிறுத்தினால் அடுத்த முறை விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கக்கூடும். மின்ட், உபுண்டு, ஃபெடோரா என்ற மூன்று லினக்ஸும் செக்யூர் பூட் இருந்தாலும் பூட் ஆகும், பெரும்பாலும் அதை நிறுத்தவே தேவையில்லை.

22.10.2025, இரவு 10.10

கீபோர்டு. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் தமிழில் அடிக்கிறேன்.

கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தமிழ் என்று தேடினால் தமிழ்நெட் 99 (தமிழ்99 என்பதும் அதுதான்) வரும். அதைத் தேர்ந்தெடுத்து அடித்தேன், எழுத்து வந்தது. அப்புறம் 'அம்மா' அடித்தேன். தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. இரண்டாவது ம விழும்போது முதல் ம-வுக்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும், ஆ சேரும்போது மா ஆக வேண்டும். 1999-இல் அந்த முறையை வகுத்ததன் அழகே அதுதான். இங்கே புள்ளி விழவில்லை. இந்த லேஅவுட் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் மட்டும் போகிறது, முந்தைய எழுத்து என்ன என்று பார்ப்பதில்லை. லினக்ஸில் தமிழ்99 கிடையாது என்று அன்று இரவு தம்பியிடம் போனில் சொல்லிவிட்டேன்.

தப்பாகச் சொல்லிவிட்டேன். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையும் அதற்கான எம்17என் தொகுப்பும் தனியாகப் போட வேண்டும். போட்டால் பட்டியலில் தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு எல்லாம் தனித்தனியாக வரும். அதிலிருக்கும் தமிழ்99 புள்ளியைச் சரியாக வைக்கிறது. இந்தப் பதிவை அதில்தான் அடிக்கிறேன்.

இதை பென் டிரைவ் சோதனையிலேயே செய்யலாம். நெட் இருந்தால் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து போடுங்கள், ராமில் இன்ஸ்டால் ஆகும். போட்டதும் ஐபஸ்ஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். மெஷினையே ரீஸ்டார்ட் செய்தால் போட்டது போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவர், பழைய டைப்ரைட்டர் முறைதான் அவர் கைக்கு வரும். பட்டியலில் இருக்கும் தட்டச்சை அரை மணி நேரம் அடித்துப் பார்த்தார். சில குறிகள் விரல் போகிற இடத்தில் இல்லை என்று எழுந்துவிட்டார். அவருடைய முடிவை நான் மாற்றப் போவதில்லை. முப்பது வருட விரல் பழக்கம் அது.

26.10.2025, காலை 8.00

எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி பற்றி 19-ஆம் தேதி சொன்னதை முழுதாகச் சொல்லவில்லை. அதைப் படித்து ஒருவர் செய்து பார்த்து, இப்போது எஸ்எஸ்டியைக் கழற்றினால் கருப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்குகிறது, விண்டோஸ் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். நான் எச்சரித்திருக்க வேண்டும், மன்னியுங்கள்.

முதலில் அவருக்கு: உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கிறது. ஆன் செய்ததும் பூட் மெனு விசையை அழுத்துங்கள். சில மெஷினில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப். அதில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். பிறகு பயாஸில் பூட் வரிசையில் அதையே முதலில் வைத்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். மின்ட்டின் இன்ஸ்டாலரில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும், பூட்லோடரை (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் சின்ன புரோகிராமை) அது லேப்டாப்புக்குள் இருக்கும் டிஸ்க்கில் அதற்கென்று உள்ள ஈஎஃப்ஐ பகுதியில் எழுதிவிடுவது உண்டு. வெளி டிஸ்க்கைக் கழற்றியதும் அந்தப் பூட்லோடர் தன் மீதிப் பாதியைக் காணாமல் நின்றுவிடுகிறது.

ஆகவே இப்படி மாற்றிக்கொள்ளுங்கள், கேள்வி கேட்டவரும் சேர்த்துத்தான். ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டரை அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க் இருக்கும். ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள், நான் செப்டம்பரில் 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். பின்மூடியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கழற்றி, ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். எஸ்எஸ்டியை அந்த இடத்தில் போட்டு அதில் மின்ட் இன்ஸ்டால் செய்யுங்கள். உள்ளே விண்டோஸ் டிஸ்க்கே இல்லாதபோது எந்த இன்ஸ்டாலரும் அதில் எதையும் எழுத முடியாது. பிடிக்கவில்லை என்றால் ஸ்குரூ டிரைவர் எடுத்துப் பத்து நிமிடத்தில் பழையபடி மாற்றிவிடலாம்.

ஆகஸ்டில் எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தால்!

26.10.2025, காலை 8.25

எஸ்எஸ்டி போட்டதும் லேப்டாப் பறக்கும். அதற்கு லினக்ஸை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். மூன்று வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே மின்ட் ஓட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், பாதிக்கு மேல் எஸ்எஸ்டியின் வேகம்தான். அதே எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 போட்டிருந்தாலும் வேகம் கூடியிருக்கும்.

2.11.2025, பகல் 1.15

இன்னொரு திருத்தம், இது நிம்மதி தரும் திருத்தம். ஆதரவு முடிந்தது, இனி ஒரு நாளும் விண்டோஸ் 10-இல் இருக்கக் கூடாது என்ற பயத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழி கொடுத்திருக்கிறது. அவர்களுடைய கணக்கில் நுழைந்து உங்கள் செட்டிங்ஸை அங்கே ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசு இல்லை. செட்டிங்ஸை ஒத்திசைக்க விருப்பம் இல்லாதவர்கள் கணக்கில் நுழைந்து 30 டாலர் கட்டலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு வரும்.

அதாவது சோதனைக்கு நமக்கு ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கிறது.

8.11.2025, இரவு 9.30

தம்பி இன்று வந்தவன் ஒரு பழைய சிடி உறையை எடுத்துக் காட்டினான். உபுண்டு சிடி. கேட்டால் தபாலில் இலவசமாக அனுப்புவார்கள், 2011-இல் நிறுத்திவிட்டார்கள். கல்லூரியில் படிக்கும்போது அவன் வாங்கியது. வீட்டுக்கு வெளிநாட்டுத் தபால் வந்திருக்கிறது என்று அப்பா பயந்து போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்பதைப் பெரிய அளவில் பிரபலமாக்கியது நாப்பிக்ஸ். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்டார். ஒரே சிடியில், 700 எம்பிக்குள், முழு சிஸ்டம். அன்று விண்டோஸ் செத்துப்போன மெஷினிலிருந்து ஃபைல்களை மீட்கக் கடைக்காரர்கள் கையில் வைத்திருந்ததும் அதுதான். இன்று பென் டிரைவில் நாம் செய்வது அதே வேலைதான்.

நம் ஊரில் இன்னொரு பெரிய வாய்ப்பும் இருந்தது. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சிடாக் சென்னையில் உருவாக்கியது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். நாத்தனார் மகளுக்கு வந்த லேப்டாப்பில் நான் ஒரு நாள் அதைத் திறந்து பார்த்தேன், அழகாகத் தமிழ் மெனு. அவள் அதுவரை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. மூன்று விநாடியில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிடுவாள். எங்கள் தெருவில் நான் பார்த்த ஐந்தாறு பிள்ளைகளும் அப்படித்தான். குறை சொல்ல முடியாது. பள்ளியில் அதில் செய்ய வேண்டிய வேலை என்று எதையாவது கொடுத்திருந்தால் போயிருப்பார்கள். வேலை இல்லாமல் யார் அந்தக் கதவைத் திறப்பார்கள்? இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. லட்சக்கணக்கான வீடுகளில் லினக்ஸ் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது.

15.11.2025, மாலை 5.50

பிரிண்டர் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

வைஃபை உள்ள புது பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்பதில்லை. போனிலிருந்து நேராகப் பிரிண்ட் ஆகிற பிரிண்டர் என்றால் லினக்ஸிலும் ஆகும் என்று ஓரளவு நம்பலாம். சிக்கல், யூஎஸ்பி ஒயர் மட்டும் உள்ள பழைய மலிவு லேசர் பிரிண்டர்களில். அவற்றில் பக்கத்தைத் தயாரிக்கும் மூளை பிரிண்டருக்குள் கிடையாது, கணினியிலிருக்கும் டிரைவர்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் கம்பெனி லினக்ஸுக்கு டிரைவர் கொடுத்ததா, கொடுத்தது இன்றைய 64 பிட் சிஸ்டத்தில் ஓடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் கடையில் இருப்பது அப்படிப்பட்ட ஒன்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். ஒரு பக்கம் அடிக்கும், அடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும்.

பிரிண்டர் வேலை செய்தாலும் நீங்கள் வழக்கமாக எடுக்கும் தாளில் எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு முத்திரைத்தாள், லீகல் சைஸ். தம்பியின் பிரிண்டரில் மின்ட்டிலிருந்து ஓர் ஒப்பந்தத்தைச் சோதனைக்கு அடித்தேன், நல்லவேளை வெள்ளைத் தாளில். ரைட்டரில் பக்கம் லீகல் என்றுதான் இருந்தது. பிரிண்டர் செட்டிங்கில் ஏ4 என்று இருந்ததால் கடைசி நான்கு வரியும் சாட்சிகள் கையெழுத்திடும் இடமும் விழவே இல்லை. இரண்டு இடத்திலும் லீகல் என்று மாற்றியதும் வந்தது. முத்திரைத்தாளில் முதலிலேயே அடித்திருந்தால் தாள் வீண்.

30.11.2025, காலை 10.40

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். ஓஎஸ்ஸை மாற்றும் முன் மென்பொருளை மாற்றுங்கள், விண்டோஸில் இருந்துகொண்டே. லிபர்ஆபிஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி, ஜிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாமே விண்டோஸிலும் ஓடும். ஒரு மாதம் லிபர்ஆபிஸில் மட்டும் வேலை பாருங்கள். வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலில் அட்டவணை நகர்ந்துவிடுகிறதா, விண்டோஸோடு வரும் லதா ஃபாண்டில் அடித்த பக்கம் வேறு ஃபாண்டுக்கு மாறியதும் எத்தனை வரி கீழே இறங்குகிறது, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு மாதம் கழித்து மின்ட்டுக்குப் போகும்போது புதிதாகப் பழக வேண்டியது மெனுவும் ஃபோல்டரும்தான்.

மகள் அதைத்தான் செய்தாள். நான் ஆகஸ்டில் தடுமாறியதைப் பார்த்து, பிளஸ் ஒன் புராஜெக்டை விண்டோஸ் டெஸ்க்டாப்பில் லிபர்ஆபிஸில் செய்து பழகிவிட்டு லேப்டாப்புக்கு வந்தாள். அவளுக்கு ஒரு நாள்கூடச் சிரமம் இல்லை.

30.11.2025, பகல் 12.10

டாலி ஓடுமா என்று கேட்டவருக்கு: அது விண்டோஸ் மென்பொருள். கணக்கு எழுதுவதுதான் தொழில் என்றால் அந்த மெஷினை விண்டோஸிலேயே விடுங்கள். குறுக்கு வழிகளில் ஓட்டலாம் என்பார்கள். மார்ச் 31 அன்று அது நின்றால் யாரிடம் போய் நிற்பீர்கள்? கோரல்டிரா, பேஜ்மேக்கர் வைத்து அச்சக வேலை செய்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

14.12.2025, இரவு 8.45

4 ஜிபி போதுமா? மின்ட்டில் சின்னமன் பதிப்பைவிட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு குறைவாகச் சாப்பிடும். அதைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் இரண்டும் ஒன்றுதான், ராமைத் தின்பது பிரவுசர். பட்டா, வில்லங்கச் சான்று, மின் கட்டணம் என்று எங்கள் வேலை முழுக்க பிரவுசரில் இருப்பதால் போன வாரம் 8 ஜிபி ஆக்கினேன். பிரவுசர் வேலை எதிலும் லினக்ஸ் என்பதற்காக இதுவரை நின்றதில்லை. கைரேகைக் கருவி மட்டும் டெஸ்க்டாப்பில். அதனுடன் கொடுத்த மென்பொருள் விண்டோஸுக்கானது.

பிரிண்டர், கைரேகைக் கருவி, வீட்டுக்காரரின் தட்டச்சு, இந்த மூன்றுக்காகவும் கடை டெஸ்க்டாப் விண்டோஸில்தான் தொடரும். அக்டோபர் வரை நீட்டிப்புக்கும் பதிவு செய்துவிட்டோம். லேப்டாப் மின்ட்டில். நான் திரும்பிப் போகப் போவதில்லை, அதில் சந்தேகமே இல்லை. கடையில் கரண்ட் போய் வரும்போதும், அவசரமாக ஒருவர் வந்து நிற்கும்போதும், இது அப்டேட் போடுகிறேன் பொறு என்று ஒரு நாளும் என்னைக் காக்க வைத்ததில்லை. எனக்கு அது போதும்.

பாமினியில் இருக்கும் மனு மாதிரிகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றும் கருவியில் போட்டு எடுத்ததும் அப்படியே நம்பக் கூடாது. ஆங்கிலத்தில் இருந்த சர்வே எண்ணின் உட்பிரிவு எழுத்துகளையும் அது தமிழாக்கிவிடுகிறது. பட்டா எண் வரும் வரிகளை ஒவ்வொன்றாகப் பழைய பிரிண்ட்டோடு வைத்துப் பார்க்கிறேன். 340 ஃபைலில் 128 முடிந்திருக்கிறது.

24.1.2026, இரவு 9.15

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்எஸ்டியில் மின்ட் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, ஒரு முறைகூட விண்டோஸ் தேவைப்படவில்லை, அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை அழித்து எக்ஸ்டர்னலாகப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்.

இந்த வாரம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தை பிறந்ததும் கல்யாணப் பத்திரிகை வேலை வந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஓர் அம்மா வந்தார். 2022-இல் மூத்த பெண்ணுக்கு நான் அடித்துக் கொடுத்த பத்திரிகையின் அதே வாசகம் இளையவளுக்கும் வேண்டும், ஒரு எழுத்து மாறக் கூடாது என்றார். அவருடைய மாமனார் சொல்லச் சொல்ல அன்று நான் டைப் செய்தது அது. அவர் இப்போது இல்லை. ஆகஸ்டில் மனு ஃபோல்டரைத்தான் பென் டிரைவில் எடுத்தேன். பத்திரிகை ஃபைல்கள் லேப்டாப்பின் முகப்புத் திரையில் தனி ஃபோல்டரில் கிடந்தன. அது நினைவுக்கே வரவில்லை, ஐந்து மாதமாகத் தேவையும் படவில்லை.

மறுநாள் அந்த அம்மா வீட்டுச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த பத்திரிகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்து ஒவ்வொரு வரியாக அடித்தேன், யூனிகோடில்.

டிஸ்க் அலமாரியிலேயே இருக்கட்டும். குறைந்தது இந்த ஆகஸ்ட் வரை.